பணி ஓய்வுக்குப் பின் பறவை பார்த்தல்: ஒரு நாற்காலி, தினமும் 15 நிமிடம்

பறவை பார்ப்பது என்றதும் பலருக்கு வேடந்தாங்கல்தான் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால், முழ நீளக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறவர்கள் நினைவுக்கு வருவார்கள். ஓய்வு பெற்றவர் அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகிறவரிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கிறது: ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வருடம் முழுக்க உட்கார முடிகிற காலைப்பொழுது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஏரிக்குப் போகிறவர் நிறைய வகைகளைப் பார்த்துவிடுவார். ஆனால் தெருவுக்குத் தகைவிலான் என்ற வலசைக் குருவி எந்த வாரம் வந்தது, குயில் எந்த நாளில் கூவத் தொடங்கியது, எதிர்வீட்டு வேப்பமரத்தை வெட்டிய பிறகு எவையெல்லாம் வராமல் போயின என்பதெல்லாம் மாடியில் தினமும் உட்கார்ந்து எண்ணியவருக்குத்தான் தெரியும். அப்படி எண்ணுவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

இடமும் நேரமும்

மொட்டைமாடி, பால்கனி, வாசல் திண்ணை, கொல்லைப்புறம் எதுவானாலும் சரி. ஒரு மரமாவது கண்ணில் பட வேண்டும், ஓரளவு வானமும் தெரிய வேண்டும். காலையில் வெயில் உங்கள் முதுகுப்பக்கம் விழும்படி, அதாவது மேற்குப் பார்த்து உட்காருங்கள். கிழக்குப் பார்த்த பால்கனிதான் இருக்கிறது என்றால் காலையில் எல்லாப் பறவையும் கரிய நிழலுருவமாகத் தெரியும், நிறம் பிடிபடாது. அப்படிப்பட்ட வீட்டில் மாலை நாலரை மணிக்கு மேல் உட்காருவது நல்லது.

நேரம் 15 நிமிடம் போதும். சூரியன் உதித்து அரை மணி கழிந்ததிலிருந்து எட்டரை மணி வரை பறவை நடமாட்டம் அதிகம். காக்கைக்குச் சோறு வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் சோற்றை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடலாம். முதல் கணக்கு காக்கையிலிருந்தே தொடங்கும். ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்று திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். 15 நிமிடம் என்றால் மழை நாளிலும் முடியும், வீட்டுக்கு விருந்தாளி வந்த நாளிலும் முடியும்.

நாற்காலி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கைப்பிடி உள்ள, கொஞ்சம் பின்னால் சாய்கிற நாற்காலியாக இருக்கட்டும். நின்றபடி அண்ணாந்து மர உச்சியைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். கழுத்தெலும்புத் தேய்மானம் இருப்பவர்களுக்குத் தலைசுற்றலும் வரலாம். சாய்ந்து உட்கார்ந்தால் தலைக்குப் பதில் உடம்பே சாய்கிறது. முழங்கைகளைக் கைப்பிடியில் ஊன்றிக்கொண்டால் கை நடுக்கமும் பாதி குறையும்.

பைனாகுலர்: இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது

பைனாகுலர் மீது 8x42 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண், முன்பக்க லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். எண் பெரிதானால் நல்லது என்று நினைத்துக் கடைக்காரர் நீட்டுகிற 10x50, 20x50 போன்றவற்றை வாங்கிவிடுகிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி கையின் நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கும். போதாததற்குப் பார்வைப் பரப்பு சுருங்கிவிடும். 1000 மீட்டர் தூரத்தில் 8 மடங்குக் கருவி சுமார் 130 முதல் 140 மீட்டர் அகலம் காட்டினால், 10 மடங்குக் கருவி 105 முதல் 115 மீட்டர்தான் காட்டும். இலைக்குள் தாவிக்கொண்டே இருக்கும் தேன்சிட்டைப் பிடிக்க அந்த அகலம் அவசியம்.

வயதுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8x42 என்றால் ஐந்தேகால் மில்லிமீட்டர். 7x50 என்றால் ஏழு. இளைஞனின் கண்மணி இருட்டில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். அறுபதைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் ஐந்தைத் தாண்டாது. ஆக 7x50 கொண்டுவரும் வெளிச்சத்தில் ஒரு பகுதி அவர் கண்ணுக்குள் போகவே போகாது. எடையைச் சுமப்பதுதான் மிச்சம். 8x42 அல்லது 8x32 வாங்குங்கள். முதலாவது 650 முதல் 750 கிராம், இரண்டாவது 450 முதல் 550 கிராம் இருக்கும். தோள்வலி, கழுத்துவலி உள்ளவர்களுக்கு 8x32தான் சரி. விலை ஏறக்குறைய 8,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய்க்குள் நன்றாக உழைக்கும் கருவி கிடைக்கும். 8-24x50 என்று ஜூம் போட்டது, லென்ஸில் சிவப்பு நிறம் மின்னுவது, 30x60 என்று எழுதி உள்ளங்கை அளவில் இருப்பது மூன்றையும் தொடவே வேண்டாம்.

கண்ணாடி போடுகிறவர்கள் 'ஐ ரிலீஃப்' என்ற அளவைக் கேட்டு வாங்க வேண்டும். கருவியின் கண்வில்லையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கண் இருந்தால் முழு வட்டமும் தெரியும் என்பது அது. 16 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கண்ணாடியோடு பார்ப்பவர் கண் வைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையங்களை உள்ளே திருகி இறக்கிவிட வேண்டும், கண்ணாடி இல்லாமல் பார்ப்பவர் வெளியே திருகி உயர்த்த வேண்டும். இதைச் செய்யாமல், ஓரமெல்லாம் கருப்பாகத் தெரிகிறது, கருவி கோளாறு என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. பைஃபோக்கல், புரோகிரஸிவ் கண்ணாடி என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அவற்றின் கீழ்ப்பாதி கிட்டப் படிப்பதற்கானது. அதன் வழியே பைனாகுலரில் பார்த்தால் எவ்வளவு திருகினாலும் மங்கல்தான். மோவாயை லேசாகத் தாழ்த்தி மேல்பாதி வழியாகப் பாருங்கள்.

வாங்கியதும் கருவியை உங்கள் கண்ணுக்கு ஏற்ப ஒருமுறை அமைக்க வேண்டும். முதலில் நடுக்கீலை மடக்கி, விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு முப்பது மீட்டர் தொலைவில் எழுத்துள்ள ஒரு பலகையையோ மின்கம்பத்தையோ தேர்ந்துகொள்ளுங்கள். வலப்பக்க முன்லென்ஸைக் கையால் மூடி, இடக்கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். அடுத்து இடப்பக்க முன்லென்ஸை மூடுங்கள். நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குழலில் உள்ள டயாப்டர் வளையத்தை மட்டும் திருகித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தைக் குறித்து வையுங்கள். இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். கண்புரை அறுவை செய்துகொண்டாலோ கண்ணாடி மாற்றினாலோ இதை மறுபடி செய்ய வேண்டும். அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்றால் அது முடிந்த பிறகு வாங்குவதே நல்லது.

பறவையைக் கருவிக்குள் கொண்டுவருவது தனிப் பழக்கம். புதியவர்கள் பறவையைப் பார்த்ததும் குனிந்து பைனாகுலரை எடுத்து, பிறகு அதன் வழியே மரம் முழுக்கத் தேடுவார்கள். அதற்குள் அது பறந்திருக்கும். பார்வையைப் பறவையின் மேலேயே வைத்திருங்கள். கருவியைத் தூக்கிக் கண்ணுக்கும் பறவைக்கும் நடுவில் நுழையுங்கள். அசையாத தென்னங்காய், ஆன்டெனா, காகம் என்று ஒரு வாரம் பழகினால் கை தானாகவே போகும். நடுக்கம் அதிகம் உள்ளவர்கள் அரை மீட்டர் நீளக் குச்சி ஒன்றைக் கருவியின் அடியில் கட்டி, அதன் கீழ்முனையை மடியிலோ இடுப்பிலோ ஊன்றிக்கொள்ளலாம். கருவி கல்போல நிற்கும்.

துடைப்பதற்கு வேட்டி முனையும் சேலைத் தலைப்பும் வேண்டாம். முதலில் ஊதுபந்தால் மணலையும் தூசியையும் ஊதிவிட்டு, பிறகு கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடையுங்கள். மணலோடு துடைத்தால் பூச்சு கீறிவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில், கூடவே கொடுத்த உறைக்குள் போட்டு பீரோவில் வைத்தால் மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும்; அதைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு சில சமயம் கருவியின் விலையையே தொடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். சூரியனை மட்டும் இதன் வழியே ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. பார்வையே போய்விடும்.

எதை, எந்த வரிசையில் பார்ப்பது

புதிய பறவை தெரிந்ததும் புத்தகத்தையோ போனையோ எடுக்காதீர்கள். அது உட்கார்ந்திருக்கும் பத்து நொடியை அதற்கே கொடுங்கள். முதலில் அளவு. தெரிந்த பறவையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே எளிய வழி: சிட்டுக்குருவி 15 செ.மீ., மைனா 23, மாடப்புறா 33, காகம் 42, கரும்பருந்து 61. 'மைனாவைவிடச் சற்றுப் பெரிது, வால் நீளம்' என்பதே பாதி விடை. அடுத்து அலகு. தடித்ததா, ஊசியா, வளைந்ததா, நுனி கொக்கியா? பிறகு வால், கண்ணருகே கோடு அல்லது வளையம், பறக்கும்போது இறக்கையில் தெரிகிற வெள்ளைத் திட்டு. நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள், ஏனென்றால் வெளிச்சம் மாறினால் நிறம் ஏமாற்றும். கூடவே அது என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள்: தரையில் நடக்கிறதா, தத்துகிறதா, கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சி பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்புகிறதா.

முதல் மாதத்தில் குழப்புபவை கருப்புப் பறவைகள்தான். ஊர்க்காகத்துக்குக் கழுத்து சாம்பல் நிறம். அண்டங்காக்கை முழுக் கருப்பு, அலகும் தடிமன். ஆண் குயில் பளபளக்கும் கருப்பு. கண் சிவப்பு, அலகு வெளிர்பச்சை. பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் நிறைந்தது, அதை வேறொரு பறவை என்று நினைத்திருப்பவர்கள் ஏராளம். இறக்கை மட்டும் செங்கல் நிறமாக இருந்து தரையில் நடந்து போனால் அது செண்பகம். ஊர்ப்பக்கம் செம்போத்து என்பார்கள். வால் மீன்வால் போல இரண்டாகப் பிளந்து, கம்பியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் கரிச்சான். மைனாவைவிடச் சிறிதாக, கருப்பும் வெள்ளையுமாக, விடியலில் மாடிக் கைப்பிடிச் சுவரில் நின்று பாடினால் குண்டுக்கரிச்சான். அதைவிடவும் சிறிதாக, தூக்கிய வாலுக்கு அடியில் செம்பழுப்பு தெரிந்தால் கருஞ்சிட்டு.

தேன்சிட்டுகள் இன்னும் கடினம். மார்பு மஞ்சளாக, முதுகு கருஞ்சிவப்பாக, தொண்டை ஊதாவாக மின்னினால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஆண். முழுவதும் கருநீலமாக மின்னினால் ஊதாத் தேன்சிட்டு அல்லது லோட்டன் தேன்சிட்டு. இவற்றில் லோட்டனின் அலகு தலையைவிடத் தெளிவாக நீண்டு, அரிவாளாக வளைந்திருக்கும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் ஊதாத் தேன்சிட்டு தன் மின்னலை இழந்து, மஞ்சள் வயிற்றின் நடுவே ஒரு கருங்கோடு மட்டும் ஓடும்படி மாறிவிடும். புதிய பறவை வந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

வானத்தில் வட்டமிடுபவற்றுக்கு வாலைப் பாருங்கள். நடுவில் வெட்டுப்பட்ட வால் கரும்பருந்து. வட்டமான வாலும் வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடலும் இருந்தால் கருடன் என்று கும்பிடப்படும் செம்பருந்து. வெள்ளைக் கொக்குகளில் கருப்பு அலகும் மஞ்சள் பாதமும் சின்னக் கொக்குக்கு. மஞ்சள் அலகோடு மாட்டின் காலடியில் நடந்தால் உண்ணிக்கொக்கு. நிலத்தில் சேற்று நிறமாக நின்று, எழும்பியதும் இறக்கை வெள்ளைவெளேர் என்று விரிந்தால் மடையான்.

அடையாளம் தெரியவில்லையா? 'தெரியாத சிறு பழுப்புப் பறவை, 1' என்று எழுதிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஊகித்து ஒரு பெயரை எழுதுவதுதான் நோட்டைக் கெடுக்கும்.

காது

வயதாகும்போது முதலில் மங்குவது உச்சத் தொனிகள். செண்பகத்தின் 'ஊப் ஊப்', குயில், காகம், கிளி ஆகியவற்றுக்குச் சிக்கல் இல்லை. செம்மார்புக் குக்குறுவான் சுத்தியால் செம்பைத் தட்டுவது போல 'டுக் டுக்' என்று நிறுத்தாமல் அடிப்பதும் கேட்கும். தேன்சிட்டு, மலர்கொத்தி போன்றவற்றின் கீச்சொலிகள்தான் தவறும். செவித்திறன் கருவி இருந்தால் எண்ணும் நேரத்தில் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் இலவசமாகக் கொடுக்கும் மெர்லின் செயலியில் ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி உண்டு. இந்தியாவுக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையில் ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். கேட்காத காதுக்கு இது பெரிய துணை. ஆனால் திரையில் தோன்றிய பெயரை அப்படியே கணக்கில் ஏற்றக் கூடாது. அணிற்பிள்ளையின் கத்தலைப் பறவை என்று எடுத்துக்கொள்வதுண்டு. கரிச்சான் வைரி என்ற சிறிய வேட்டைப் பறவையின் குரலை ஒத்த ஒலி எழுப்பினால் அங்கேயும் குழப்பம்தான். மெர்லின் ஒரு பெயரைச் சொன்னால் 'அந்தப் பக்கம் பார்' என்று கைகாட்டியதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தோ உங்களுக்கே பழகிய குரல் என்று தெளிந்தோ எழுதுங்கள்.

எண்ணுவதும் எழுதுவதும்

நீளவாக்கில் கோடுபோட்ட சாதாரண நோட்டு போதும். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, பறவை, எண்ணிக்கை, என்ன செய்தது. பென்சிலில் எழுதுங்கள், பனியில் மை கரையும்.

எண்ணுவதில் முதல் விதி, பார்த்ததையே மறுபடி எண்ணாமல் இருப்பது. மைனா இரண்டு வந்து போய், ஐந்து நிமிடம் கழித்து மூன்று வந்தால் கணக்கு ஐந்தல்ல, மூன்று. ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை எழுதுங்கள். மாலையில் அடையப் போகும் கிளிக்கூட்டம் இதற்கு விதிவிலக்கு: எல்லாம் ஒரே திசையில் கடந்துபோவதால் ஒவ்வொரு கூட்டத்தையும் கூட்டிக்கொண்டே போகலாம். பெரிய கூட்டமானால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, மீதியைப் பத்துப் பத்தாக அளந்துவிடுங்கள்.

இரண்டாவது விதி, காகத்தையும் மாடப்புறாவையும் விடாமல் எழுதுவது. இதைத்தான் எல்லோரும் மீறுகிறார்கள். மாங்குயில் வந்த நாளை மட்டும் குறித்து, காகத்தை விட்டுவிட்டால் அந்த நோட்டு ஆல்பம் மாதிரிதான். அதிலிருந்து எதையும் கணக்கிட முடியாது. 15 நிமிடத்தில் அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதியிருந்தால்தான், எழுதாத பறவை அன்று அங்கே கண்ணில் படவில்லை என்பதும் ஒரு தகவலாகிறது.

நோட்டில் எழுதியதை இபேர்ட் தளத்தில் ஏற்றுங்கள். கார்னெல் ஆய்வகமும் அமெரிக்காவின் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய, பறவைக் கணக்கைப் பதிவதற்கான இலவசத் தளம் அது. கணக்குத் தொடங்கி, வீட்டை ஒரு இடமாகப் பதிந்து, நிலையாக இருந்து பார்த்தது என்ற வகையைத் தேர்ந்து, நேரத்தையும் எண்ணிக்கையையும் கொடுக்க வேண்டும். கடைசியில், அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். காகத்தையும் விடாமல் எழுதியவர் தயங்காமல் 'ஆம்' சொல்லலாம். ஒன்றிரண்டு அடையாளம் தெரியாமல் போனதற்காக 'இல்லை' என்று போட வேண்டியதில்லை. வழக்கத்துக்கு மாறான பறவையையோ எண்ணிக்கையையோ கொடுத்தால் தளம் விளக்கம் கேட்கும். தன்னார்வப் பரிசோதகர் மின்னஞ்சலும் அனுப்பலாம். உங்களை நம்பவில்லை என்று வருந்தாதீர்கள். நோட்டில் எழுதிய அலகு, வால், செய்கை ஆகியவற்றை அப்படியே எழுதி அனுப்புங்கள், அதுவே போதுமானது.

இந்தப் பதிவுகள் வீண்போவதில்லை. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 வகைகளை ஆராய்ந்து, 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. அதற்கு அடிப்படை, நாடெங்கும் சாதாரண மக்கள் இபேர்டில் பதிந்த பட்டியல்கள். பொதுவாக எல்லோரும் கேமராவோடு சரணாலயத்துக்குத்தான் போகிறார்கள். சாதாரணத் தெருவின் தொடர்ச்சியான கணக்கு அரிது. அதைக் கொடுக்க ஓய்வு பெற்றவரைவிடப் பொருத்தமானவர் யார்? ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாட்கள் நடக்கும் கணக்கெடுப்பும் இதே 15 நிமிட முறைதான். தினமும் எழுதுகிறவர் அவற்றுக்கெனத் தனியாக எதுவும் கற்க வேண்டியதில்லை.

தண்ணீர் வையுங்கள், தானியத்தில் நிதானம்

அகன்ற மண்தட்டு ஒன்று வாங்குங்கள். ஆழம் ஓரத்தில் இரண்டரை செ.மீ., நடுவில் ஐந்து செ.மீ.க்கு மேல் வேண்டாம். பிளாஸ்டிக், எவர்சில்வர் தட்டுகளில் கால் வழுக்கும், வெயிலில் தண்ணீரும் கொதிக்கும். நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டால் சிறு குருவிகள் நின்று குடிக்கும். புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கிப் பாயும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, நிழலில் வையுங்கள். தினமும் தண்ணீரைக் கொட்டி மாற்ற வேண்டும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் இரண்டு முறை தேங்காய் நாரால் பாசி போகத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் தானியம் தூவுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. முதல் நாள் சிட்டுக்குருவி வரும், பத்தாம் நாள் மாடப்புறா மட்டும்தான் இருக்கும். அவற்றின் காய்ந்த எச்சத்தூளையும் இறகுத்தூளையும் தொடர்ந்து சுவாசிப்பதால் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரக்கூடும். மூத்தவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இது விளையாட்டல்ல. எச்சத்தைக் கூட்டும்போது முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முகக்கவசத்தோடு கூட்டுங்கள். காக்கைக்கு வைக்கும் சோறு உப்பில்லாமல், ஒரு கைப்பிடி இருந்தால் போதும். மிக்சர், பிஸ்கட், ரொட்டி கூடாது.

தானியத்தைவிடச் செடி மேல். செம்பருத்திக்கும் இட்லிப்பூவுக்கும் தேன்சிட்டு வரும். முருங்கை பூத்தால் நாள் முழுக்க நடமாட்டம். கறிவேப்பிலையைப் பழுக்க விட்டால் குயிலும் கொண்டைக்குருவியும் தேடி வரும். சிட்டுக்குருவிக்குக் கூட்டுப்பெட்டி வைப்பதானால் வாசல் துளை 32 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். எட்டடி உயரத்துக்குமேல், மேற்கு வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். துளைக்கு வெளியே உட்காரக் குச்சி வைக்காதீர்கள், காகம் நின்று குஞ்சை எடுக்க அதுவே வசதியாகிவிடும்.

பருவம் மாறும்போது

பிப்ரவரி, மார்ச்சில் குயில் கூவத் தொடங்கும். அதற்குப் பின்னாலேயே காகங்கள் சுள்ளி சுமக்கும். குயில் முட்டையிடுவது அந்தக் கூட்டில்தான். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை காகம் தலையில் கொத்தினால் பக்கத்தில் குஞ்சு இருக்கிறது என்று பொருள். அந்த வழியே போகும்போது குடை பிடித்துக்கொண்டால் போதும், கூட்டைக் கலைக்க வேண்டாம். தரையில் தத்தித் திரியும் இறகு முளைத்த குஞ்சை அநாதை என்று நினைத்து வீட்டுக்குள் எடுத்து வந்துவிடுகிறார்கள். தாய் பெரும்பாலும் மேலேயே இருந்து இரை கொடுத்துக்கொண்டிருக்கும். பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

செப்டம்பரிலிருந்து கண்ணைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசை கட்டும். செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் வடக்கேயிருந்து ஆறுமணிக்குருவி வரும்: குட்டை வால், பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு. காலை ஆறு, மாலை ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். நெடும்பயணத்தில் களைத்து நகரத்து வீட்டுக் கண்ணாடியில் மோதி விழுவதுண்டு. விழுந்து கிடந்தால், காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டான அமைதியான இடத்தில் ஓரிரு மணி நேரம் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தெளிந்ததும் மரத்தடியில் திறந்துவிடுங்கள். தெளியாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். குஞ்சோ காயம்பட்டதோ, வீட்டிலேயே வளர்க்க ஆசைப்படக் கூடாது. கிளி, சில்லை (முனியா) உட்பட நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

போனில் பறவைக் குரலைப் போட்டு அழைப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொன்று புகுந்துவிட்டது என்று அது கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். கூட்டின் படத்தை எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட்டால் அடுத்த நாள் பத்து கேமரா வந்து நிற்கும்.

வெளியே போகும்போது

ஆண்டுக்கு இரண்டு மூன்று பயணம் போதும். வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம், ஆனால் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பியதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் இல்லாத ஆண்டில் கூடுகளும் இருக்காது. மாலை மூன்று மணிக்கு மேல் போனால் இரை தேடப் போனவை திரும்பும் காட்சி கிடைக்கும்: கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம் என்று அறிந்த ஊர்மக்கள், அரசு சரணாலயமாக்குவதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பறவைகளைக் காத்தவர்கள். தெற்கே கூந்தன்குளம், டெல்டாவில் வடுவூர், சென்னைக்குள் பள்ளிக்கரணை என்று அவரவர்க்கு அருகில் ஏதாவது ஒன்று இருக்கும்.

ஏரிக்கரையில் ஒரே ஒரு கண்டிப்பு: பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள். பறவையைப் பின்தொடர்ந்து பின்னால் நகரும்போதுதான் சரிவில் விழுகிறார்கள். நில்லுங்கள், பாருங்கள், கருவியை இறக்குங்கள், பிறகு நடங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம். பையில் நான்கு பிஸ்கட்டும் தண்ணீரும் இருக்கட்டும்.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்கள் பைனாகுலரைக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். அந்த நாட்டுப் பறவைத் தொகுப்பை மெர்லினில் இறக்கிக்கொண்டு அங்கேயும் அதே 15 நிமிடம் உட்காரலாம். வீட்டு நோட்டில் அந்த மாதங்களின் பக்கங்கள் வெற்றாகவே இருக்கட்டும். ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்தோ, போன வருட நினைவை வைத்தோ அவற்றை நிரப்பாதீர்கள். 'ஊரில் இல்லை' என்று ஒரு வரி எழுதி, மறுநாள் காலை நாற்காலியைப் பழைய இடத்தில் போடுங்கள்.